கேலி முறை

வானொலி நிலைய டைரக்டர் ஒலிநாடாவை இரண்டாம் முறை ஓடவிட்டபோதுதான் நியெலேவுக்கு உறைத்தது. நாடாவில் சிரிப்பைக் காணவில்லை.

குரல் ஹம்மாதூமுடையதுதான். முன்பல் போய், வார்த்தைக்கு வார்த்தை காற்று கசியும் கிழட்டுக் குரல். "உங்க மார்ஷலைக் கூட்டிட்டு வா. வந்து என் கழுதையை மேய்க்கட்டும். இந்தக் குளம் எங்களுது. உங்க நாடே எங்களுதுதான். நீங்க எல்லாம் எங்க அடிமைங்க. துப்பாக்கி எடுத்துட்டு வாங்க, ஒரு கை பாக்குறேன்." அவ்வளவுதான். அதற்கப்புறம் நாடா வெறுமனே இரைந்துகொண்டு ஓடியது.

அந்த இரைச்சல் இருந்த இடத்தில் ஓர் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. நியெலேவுக்குத் தெரியும். பதிவு செய்தவளே அவள்தான்.

அவள் தேசிய வானொலியில் இரவுச் செய்தி வாசிப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் 'ஊர் ஊராக' என்று ஒரு நிகழ்ச்சியும் செய்வாள். போன மாதம் அதற்காக எல்லையிலிருக்கும் ஃபேத்தோபாலேவுக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு குளம். இரண்டு நாடும் தன்னுடையது என்று வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்ட குளம். வரைபடம் பார்க்கத் தெரியாத மாடுகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து குடித்துவிட்டுப் போகும். அக்கரையில், பக்கத்து நாட்டு எல்லைக்குள், ஊர். ஊர்த் தலைவர் ஹம்மாதூம் பாயில் படுத்துக் கிடந்தார். நியெலே தன் குடும்பப் பெயரைச் சொன்னதும் துள்ளி எழுந்தார்.

"பல்லோவா? கொல்லர் வீட்டுப் பொண்ணா? அடடா, ஓடிப்போன என் அடிமை தானா திரும்பி வந்திருக்கு! கும்போ, கயிறு எடுத்துட்டு வாடி!"

"உன் தாத்தா மாடு திருடி மாட்டினப்போ கால்ல விலங்கு அடிச்சவன் என் தாத்தாடா கிழவா," என்றாள் நியெலே. "கூலி இன்னும் பாக்கி."

பாட்டியாகிவிட்ட அவர் மனைவி கும்போ பால் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் மதியம் வரை இரண்டு பேரும் மாறி மாறி வைதுகொண்டதைத்தான் அவள் பதிவு செய்துகொண்டு வந்தாள்.

மாடு மேய்க்கிற ஃபுலா இனத்துக்கும் கொல்லர் குலத்துக்கும் கேலி முறை. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பார்த்த நிமிஷமே வைதுகொள்ள வேண்டும். கோபப்பட்டவன் தோற்றவன். ஒருவர்மேல் ஒருவர் கை ஓங்கக்கூடாது, ஒருவர் ரத்தத்தை மற்றவர் சிந்தவே கூடாது. அந்த எல்லைக்கோட்டைப் போட்ட வெள்ளைக்காரனுடைய கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான். இது தெரியாத குழந்தை அந்த நாட்டில் கிடையாது. இந்த நாட்டிலும் கிடையாது.

"சிரிப்பு எங்கேய்யா?" என்று கேட்டாள் நியெலே.

"எந்தச் சிரிப்பு?" டைரக்டர் சியாகா நாடாச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அவரைத் திட்டினது, அவர் பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிச்சது, எல்லாம் எங்கே?"

"நேரம் பத்தாதும்மா. சுருக்கியிருக்கு."

"சுருக்கலை. அறுத்திருக்கீங்க."

சியாகா கெட்டவர் இல்லை. அவரிடம் இருந்தது வேறு வியாதி: மேலிடத்துத் தொலைபேசி மணி அடித்தால் எழுந்து நின்றுகொண்டு பேசுவார். அவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "எட்டு மணிக்கு மார்ஷல் பேசுறார். பேச்சு முடிஞ்சதும் இந்த நாடா போகும். அது முடிஞ்சதும் நீ இதை வாசிக்கணும். ரெண்டே வரிதான்."

'எதிரியின் நாக்கைக் கேட்டீர்கள். இனி நம் கை பேசும்.'

நியெலேவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "அய்யா, ஃபுலாக் கிழவன் ஒருத்தன் கொல்லச்சியைத் திட்டினதை வச்சு சண்டைக்குப் போறாங்களா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிக்க மாட்டாங்க. மார்ஷல் பேசி முடிச்சப்புறம் சிரிக்கிற தைரியம் யாருக்கு வரும்?"

"மார்ஷலுக்கே கேலி முறை தெரியுமே!"

"தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும்." சியாகா கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "வாத்தியாருங்க சம்பளத்தைப் பாத்து எத்தனை மாசம் ஆச்சு? திங்கட்கிழமை ஊர்வலம். பசங்க சேந்துக்கிறாங்க, சந்தைக்காரப் பொம்பளைங்க சட்டியைத் தட்டிக்கிட்டு வராங்களாம். போலீஸ்காரன் பொண்டாட்டியும் சந்தையிலதானே கடை போட்டிருக்கா? அவன் யாரை அடிப்பான்? சண்டைன்னு அறிவிச்சுட்டா, ஊர்வலம் போறவன் துரோகி. சம்பளம் கேக்குறவன் ஒற்றன். புரியுதா?"

புரிந்தது. நாட்டை ஆண்டுகொண்டிருந்த அந்த மார்ஷல் ஒரு போருக்கும் போனவர் இல்லை. மார்பில் தொங்கிய பதக்கங்களெல்லாம் அவரே அவருக்குக் குத்திக்கொண்டவை. இத்தனை வருஷத்தில் அவர் உண்மையாகப் பயந்த எதிரி யாரென்றால், சட்டி தட்டிக்கொண்டு வரப்போகும் அந்தப் பெண்கள்தான். அவர்கள்மேல் பீரங்கியைத் திருப்ப முடியாது. அதனால் ஹம்மாதூமின் குளம் கண்ணில் பட்டிருக்கிறது.

அமைச்சர் யெரோ சிதிபே ஆறு மணிக்கு மேல் நிலையத்துக்கு வந்தார். தகவல்துறை அவருடையது. நியெலே அவருக்காகத்தான் தாழ்வாரத்தில் காத்துக்கொண்டிருந்தாள். அவர் ஃபுலா. வருகிற போதெல்லாம் காரிலிருந்து இறங்கும்போதே, "ஏ கரிமூஞ்சி, உன்னை இன்னும் சந்தையில விக்கலையா?" என்று சத்தம் போடுவார். அவளும், "திருடின மாட்டையெல்லாம் அமைச்சரகத்துலதான் கட்டி வச்சிருக்கியாமே?" என்பாள். ஓர் அமைச்சரை ஒரு செய்தி வாசிப்பவள் வாடா போடா என்று பேசுவதைக் கேட்கவே ஊழியர்கள் ஜன்னலுக்கு வருவார்கள்.

"வாடா, மாட்டுத் திருடா," என்றாள் நியெலே.

அமைச்சர் அவளைத் தாண்டிப்போய்விட்டு நின்றார். "இன்னைக்கு வேண்டாம், நியெலே."

கேலி முறையில் ஒருவர் வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. பிணத்தைத் தூக்க விடாமல் பாடையை மறித்துக்கொண்டு கேலி பேசுகிற ஜனங்கள் இவர்கள். சாவு வீட்டிலேயே வேண்டாம் என்று சொல்லாதவர்கள். போர் நிச்சயம் என்பதை நாடாவைவிட, அந்தத் தாளைவிட, இந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குச் சொன்னது. பின்னாலேயே போய், அவர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"ஹம்மாதூம் உன் ஆளு. உன் இனம். தடுக்க மாட்டியா?"

"என் இனம்கிறதாலதான் வாயைத் திறக்க முடியலை. திறந்தா, 'உன் ஆளைக் காப்பாத்துறியா'ன்னு கேப்பாங்க. அடுத்த நாளே என் நாற்காலியில வேறொருத்தன் உக்காந்திருப்பான். அவனும் இதையேதான் செய்வான்."

"அப்ப நீ எதுக்கு செய்யணும்? அவனே செய்யட்டுமே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் பேச்சு சுலபம் என்று நினைத்தாரோ என்னவோ, குரலை உயர்த்தினார். "சண்டைன்னாலே பாவம்கிற மாதிரி பேசாதே! உன் பட்டாளத்து அண்ணன் ஸான் வறட்சி வருஷத்துல சுடலையா? நாலு பேரைக் கொல்லலையா? நீதானே அன்னைக்கு ரேடியோவுல புகழ்ந்து தள்ளினே?"

"தள்ளினேன். இன்னைக்குக் கேட்டாலும் புகழுவேன்." நியெலே மேஜையில் கையை ஊன்றினாள். "கொள்ளைக்காரனுங்க குரூமா சந்தைக்குள்ள புகுந்து பொண்ணுங்களைத் தூக்கிட்டுப் போனானுங்க. ஊர்க்காரங்க காலைப் பிடிச்சாங்க, மாடு தரோம்னாங்க. ஒருத்தியைக் கொன்னு அனுப்பினானுங்க. அதுக்கப்புறம்தான் அண்ணன் போனான். சுட்டான், மிச்சப் பொண்ணுங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தான், அன்னைக்கே எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவனுங்க ஒளிஞ்சிருந்த மணல்மேட்டுக்கு அண்ணனுக்கு வழி காட்டினது யாரு தெரியுமா? இதே ஹம்மாதூம். அக்கரைக்காரன். பொண்ணுங்க எந்த நாட்டுப் பொண்ணுங்கன்னு அவர் கேக்கலை. இன்னைக்கு நீங்க யாரைக் காப்பாத்தச் சுடப்போறீங்க? சொல்லு. ஒரே ஒரு பேரைச் சொல்லு, இந்த ரெண்டு வரியை நான் ரெண்டாயிரம் தடவை வாசிக்கிறேன்."

அமைச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மெதுவா பேசு. பீரங்கி போயாச்சு. இக்கரையில நிக்குது, உன் அண்ணன் படைதான். ஒலிபரப்பு முடிஞ்சதும் சுடணும்னு கட்டளை."

"ஊருக்குள்ள ஜனங்க இருக்காங்களே!"

"தெரியும்."

"அவங்களைப் போகச் சொல்லியாச்சா?"

"சொன்னா அந்தப் பக்கத்து ராணுவம் உஷாராயிடும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பக்கத்துத் தலைவன் மட்டும் யோக்கியனா? அவனுக்கும் விளைச்சல் போச்சு, அவன் ஊர்லயும் கூச்சல். அவனும் இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கான். கொஞ்ச நாள் சுட்டுக்குவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டோம்பாங்க. எல்லாம் அடங்கிடும்."

"அந்தக் கொஞ்ச நாள்ல சாகிறவன்?"

அமைச்சர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

நியெலே ஒலிப்பதிவு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிக்க மாட்டேன் என்று எழுந்து போகலாம். இன்னொருத்தி வாசிப்பாள், பீரங்கி வெடிக்கும். ஃபேத்தோபாலேவில் தொலைபேசி கிடையாது. வண்டியில் போனால் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். ஆனால் ஹம்மாதூமிடம் தோலுறை போட்ட ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. "உன் குரலைக் கேட்டுக்கிட்டேதான் தினம் கஞ்சி குடிக்கிறேன், அடிமை பாடினா எசமானுக்குச் சீரணமாகும்," என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு அவர் நிச்சயம் கேட்டுக்கொண்டிருப்பார். மார்ஷல் பிரெஞ்சில்தான் முழங்குவார். அதில் ஒரு வார்த்தையும் கிழவருக்குப் புரியாது. நியெலே ஊர் மொழியில் வாசிப்பது மட்டும் புரியும்.

'ஓடுங்கள், குண்டு விழப்போகிறது' என்று சொன்னால்? சியாகாவின் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருக்கும். 'ஓடு' என்பதற்குள் பாட்டு போட்டுவிடுவார். அறைக்குள் துப்பாக்கியோடு ஒரு ஜவான் வேறு.

ஆனால் திட்டினால் அறுக்க மாட்டார்கள். எதிரியைத் திட்டுவதற்குத்தானே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்! திட்டுகிற திட்டிலேயே ஓடச் சொல்லிவிட்டால்? வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள், மனத்துக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். தாளில் ஒன்றும் எழுதவில்லை.

"வாசிக்கிறேன்யா," என்றாள் சியாகாவிடம். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவளுக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். அவள் குடிக்கவில்லை.

மார்ஷல் பேசினார். முழங்கினார். புனித மண், முன்னோர் ரத்தம், பொறுமைக்கும் எல்லை உண்டு. வானொலியில் தண்ணீர் குடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு ஹம்மாதூமின் குரல் வந்தது, துணைக்கு ஒரு சிரிப்புகூட இல்லாமல். மார்ஷலின் முழக்கத்துக்குப் பின் அதைக் கேட்டபோது, அதைப் பதிவு செய்த நியெலேவுக்கே ஒரு கணம் உடம்பு சில்லிட்டது. அப்படியென்றால் கேட்கிற ஊருக்கு எப்படி இருக்கும்! பால் கறக்கிற அந்தக் கிழவரை அரக்கனாக்கிவிட்டார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏ ஹம்மாதூம்!" என்று ஆரம்பித்தாள். தாளில் அது இல்லை. சியாகாவின் விரல் பொத்தானைத் தொட்டது. நியெலே மூச்சு விடவில்லை. "கேட்டுக்கோடா மாட்டுத் திருடா, பல்லோ வீட்டுக் கொல்லச்சி பேசுறேன்! குளத்தை விட்டு ஓடு! இப்பவே ஓடு, குடிக்கிற கஞ்சியைக் கீழ வச்சுட்டு ஓடு! பொண்டாட்டி, பிள்ளை, பேரன், மாடு கன்னு ஒண்ணையும் விடாம ஓட்டிக்கிட்டு ஓடிப்போயிடு! கொல்லன் உலையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான். இன்னைக்கு ராத்திரி உன் கூரை மேல நெருப்பு விழும். விடிஞ்சா உன் ஊர்ல ஒரு நாய்கூட இருக்கக்கூடாது, ஆமா!"

குரல் நடுங்கிவிட்டது. அதை நாட்டுப்பற்று என்று எடுத்துக்கொண்டார் சியாகா. விரலை எடுத்துவிட்டு, பரவசமாகத் தலையை ஆட்டினார். நியெலே தாளில் இருந்த இரண்டு வரியையும் வாசித்து முடித்தாள். விளக்கு அணைந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அமைச்சர் மட்டும் தலையாட்டவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, அவர் ஃபுலா அல்லவா, பீரங்கி எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்தவர். ஜவானைக் கூப்பிடுவார், இத்தோடு சரி என்று நினைத்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள். அமைச்சர் அவளருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "ஓடிடுவான், கரிமூஞ்சி," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நியெலே அவரை அன்றிரவு பாதி மன்னித்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் குரலைக் காலையும் மாலையும் போட்டார்கள். 'கொல்லன் உலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்' என்று சுவர்களில் எழுதினார்கள். சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. திங்கட்கிழமை ஊர்வலம் நடக்கவில்லை. சட்டிகள் சோறு ஆக்கப் போயின. ஆசிரியர் சங்கத் தலைவர், வராத சம்பளத்திலிருந்து ஒரு பகுதியைப் போர் நிதிக்குத் தருவதாக வானொலிக்கே வந்து அறிவித்தார். வாங்காத சம்பளத்தில் பங்கு கொடுத்த மனிதரை உலகம் அதற்கு முன் பார்த்திருக்காது. மார்ஷலின் அலுவலகத்திலிருந்து நியெலேவுக்குப் பாராட்டு வந்தது. தெருவில் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். ஊர் காலி, விழுந்த குண்டெல்லாம் வெறும் கூரை மேல்தான் என்ற ஒரே எண்ணம் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அமைச்சர் சொன்னபடியே ஆயிற்று. சுற்றியிருந்த மற்ற நாட்டுத் தலைவர்கள் வந்து விலக்கிவிட்டார்கள். விமான நிலையத்தில் மார்ஷலும் அந்தப் பக்கத்துத் தலைவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். இரண்டு நாட்டு வானொலியும் வெற்றி என்றன. குளம் யாருடையது என்பதை எங்கோ தூரதேசத்து நீதிபதிகள் பார்த்துச் சொல்வார்களாம்.

அதன் பிறகு ஒரு மத்தியானம் அண்ணன் ஸான் வீட்டுக்கு வந்தான். கை கழுவினான், கிண்ணத்தின் முன் உட்கார்ந்தான், சோற்றைத் தொடவில்லை.

"அன்னைக்கு நீ பேசினது எனக்குப் புரிஞ்சுதும்மா," என்றான். "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவங்க கிளம்பட்டும்னு, வண்டிச் சக்கரம் மணல்ல புதைஞ்சுபோச்சு, பீரங்கியைத் திருப்ப முடியலைன்னு மேஜர்கிட்ட பொய் சொன்னேன். பைனாகுலரை வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"கிளம்பிட்டாங்கல்ல?"

ஸான் அவளைப் பார்க்கவில்லை. "அடுப்பைச் சுத்தி உக்காந்திருந்தாங்க. நேரம் ஆக ஆகப் பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்து உக்காந்தாங்க. கிழவன் எழுந்து நின்னு, கையைக் கையை ஆட்டி நடிச்சுக் காட்டுறான். உன்னை மாதிரி. எல்லாரும் ஆடி ஆடிச் சிரிக்கிறாங்க. எந்திரிங்கடா, எந்திரிங்கடான்னு நான் இங்க வாய்க்குள்ளயே கத்துறேன். ஒருத்தனும் எந்திரிக்கலை."

நியெலேவுக்கு முதலில் எதுவும் எட்டவில்லை. பிறகு எட்டியது. கேலி முறைக்காரி சொல்வதில் எதை நிஜமென்று எடுத்துக்கொண்டார்கள், இதை எடுத்துக்கொள்ள? எவ்வளவுக்கெவ்வளவு கொடூரமாகத் திட்டினாளோ அவ்வளவுக்கவ்வளவு நல்ல கேலி. அறைக்குள் இருந்தவர்களை ஏமாற்ற அவள் தேர்ந்தெடுத்த வார்த்தைகள், அந்தக் கிழவரையும் ஏமாற்றிவிட்டன.

"அப்புறம்?" என்றாள்.

"மேஜர் வந்து பாத்துட்டாரு."

"நீயா சுட்டே?"

"நான்தான்." ஸான் தன் கையைப் பார்த்தான். "அந்தக் கொள்ளைக்காரனுங்களைச் சுட்டப்புறம் ஒரு ராத்திரிகூட எனக்குத் தூக்கம் கெட்டதில்லை, நியெலே. இப்ப கண்ணை மூட முடியலை. கொல்லன் கையால ஃபுலா ரத்தம். யார்கிட்ட போய்ச் சொல்வேன்?"

நியெலே அவன் தொடாத கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தாள்.

உயிர் பிழைத்தவர்களை இக்கரையிலிருந்த குரூமாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மருத்துவமனைக்குப் பின்னால், பாய்களை நட்டுவைத்த தடுப்புகளுக்குள் இருந்தார்கள். நியெலே சரக்கு லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தாள். கும்போ ஒரு கையில் கட்டோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மருமகள், இவளைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். ஹம்மாதூமும் இரண்டு பேரப்பிள்ளைகளும் ஊரிலேயே, அடுப்புக்குப் பக்கத்திலேயே போய்விட்டார்கள். அந்த இரண்டும் இந்த மருமகளின் பிள்ளைகள்.

நியெலே மண்ணில் உட்கார்ந்தாள். முறைப்படி அவள் இப்போது செத்தவரைக் கேலி பேச வேண்டும். எழுந்திருடா சோம்பேறி, கடன் கொடுக்காம எங்கடா போறே என்று கத்த வேண்டும். வாய் வரவில்லை.

"ரொம்ப சந்தோஷமா இருந்தாரு," என்றாள் கும்போ. "உன் குரல் வந்ததும், 'பாருடி, பாருடி, நாடு பூரா கேக்க என் அடிமை என்னைத் திட்டுறா'ன்னாரு. பக்கத்து வீட்டு ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டாரு. அடுத்த தடவை நீ வந்தா என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு அவரே சிரிச்சுக்கிட்டாரு."

நியெலே தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும் உன்னை." கும்போவின் நல்ல கை நியெலேவின் மணிக்கட்டைப் பிடித்தது. "அன்னைக்கு எனக்கு மனசுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. உன் குரல் சரியில்லைன்னு தோணுச்சு. நான் எந்திரிச்சு, சின்னவனைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டேன். அவருதான், 'உக்காருடி கழுதை, கொல்லச்சி கேலி பண்றது தெரியலையா?'ன்னாரு. நான் வெக்கப்பட்டு உக்காந்துட்டேன். பையனை இறக்கி விட்டுட்டேன். இப்ப மருமக சொல்றா, அது கேலி இல்லை, நெசமாவே எச்சரிக்கை, நீங்களும் மாமாவும்தான் என் பிள்ளைங்களைக் கொன்னீங்கன்னு." பிடி இறுகியது. "சொல்லு. நெசமாத்தான் சொன்னியா, கேலிக்குச் சொன்னியா?"

வெளியே மருமகளின் நிழல் பாய்த் தடுப்பில் அசையாமல் நின்றது. நெசம் என்று சொன்னால் நியெலே தப்பித்துக்கொள்வாள். நான் என்னால் ஆனதைச் செய்தேன், அழகாகச் செய்தேன், நீங்கள்தான் கேட்கவில்லை என்று ஆகும். இந்தக் கிழவி, இறக்கிவிட்ட அந்தப் பையனின் கனத்தை இடுப்பில் சுமந்துகொண்டே மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். செத்தவர் தன் சிரிப்பாலேயே பேரன்களைக் கொன்றவர் ஆவார். அந்த மார்ஷல் தலைநகரில் இந்நேரம் மத்தியானத் தூக்கம் போட்டுக்கொண்டிருப்பார்.

"கேலிதான்மா," என்றாள் நியெலே. "எனக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக் குடுத்த ரெண்டு வரி போதாதுன்னு, கொழுப்பெடுத்து நானா சேத்துப் பேசினேன். சும்மா கேலிக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

கும்போ அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மருமகளுக்கும் கேட்கிற மாதிரி, "அப்ப அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு," என்றாள். நியெலேவின் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"பீரங்கி வாய்ல நாங்க உக்காந்திருக்கையில, கூரையில நெருப்பு விழும்னு உனக்குக் கேலி வந்திருக்கு," என்றாள். சத்தம் போடவில்லை. "போயிடும்மா. இனிமே எங்க வீட்டு ஆளுங்ககிட்ட கேலி பேசாதே. நீயும் பேசாதே, உன் வீட்டு ஆளுங்களும் பேச வேண்டாம். எங்களுக்கும் உங்களுக்கும் இனி முறை இல்லை."

நியெலே சரி என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.